நான் எழுதாமல் விட்ட இரண்டு வரிகள்

கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சேலத்துச் சாப்பாடு ஒத்துக்கொண்டது, ஹாஸ்டல் தண்ணீர் மட்டும் உப்புக் கரிக்கிறது என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்கவில்லை. நீ கேட்டிருந்தது இதுதான். உன் கம்பெனியில் உலைக்குச் செராமிக் ஃபைபர் மடித்துக் கொடுக்கும் பெண்களுக்காக, பெட்டியோடு வந்த ஆங்கிலப் பாதுகாப்புக் காகிதத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குத் தமிழ் பேச வருகிற அளவுக்கு எழுத வரவில்லை, கன்னடத்தில் யோசித்து எழுதினால் கோணலாக வருகிறது. 'நீங்கள் மைசூரில் இப்படி ஒன்று எழுதி ஒட்டினீர்களே அப்பா, அதையே அனுப்புங்கள்' என்று நான்கே வரியில் கேட்டுவிட்டாய். மூன்று நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு நோட்டீஸ் இல்லை, இரண்டு. முதலில் எழுதியது ஒன்று, இரண்டு வருஷம் கழித்து எழுதியது இன்னொன்று. நடுவில் நடந்ததைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் அனுப்பினால், அப்பா எல்லாவற்றையும் யோக்கியமாக எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். அப்படி நினைத்துக்கொண்டு அந்தப் பெண்களுக்கு முன்னால் நீ நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்வது மட்டும் சரியா என்றால் அதுவும் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன்.

நான் அங்கே ஸ்டோர் குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன வேலை நடந்தது என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சேர்ந்தேன். பெரிய தொழிற்சாலைகளின் உலைகளுக்கு உள்சுவர் கட்டிக் கொடுக்கிற சின்ன ஒப்பந்தக் கம்பெனி அது. முன்பு தீச்செங்கல் வைத்துக் கட்டிய இடத்தில் எங்கள் காலத்தில் செராமிக் ஃபைபர் என்கிற இந்த வெள்ளைக் கம்பளி வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிக்குள், பாலிதீன் உறையில், சுருட்டிய மெத்தை மாதிரி வரும். அதைக் கத்தியால் அளவாக வெட்டி, மடிப்பு மடிப்பாக மடித்து, அழுத்திப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். அந்தக் கட்டுகளை உலைக்குள் வரிசையாக மாட்டிவிட்டால், உள்ளே எப்படி எரிந்தாலும் வெளிச்சுவரில் கை வைக்கலாம். எங்கள் ஆட்கள் அதைப் 'பஞ்சு' என்றுதான் சொல்வார்கள். பஞ்சு என்று பெயர் வைத்துவிட்ட பிறகு யாருக்குப் பயம் வரும்? உண்மையில் அது களிமண்ணை உருக்கி, பஞ்சு மிட்டாய் இழுப்பது போல இழுத்த கண்ணாடி நூல். நான் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் என்னிடம் இது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று சொன்னார். அது உண்மைதான், அது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. ஆனால் ஒரு பொருள் இன்னொரு பொருள் இல்லை என்று சொல்லிவிட்டால், அது என்ன என்று சொன்னதாக ஆகிவிடுமா? இந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மடிக்கும் மேஜையில் ஆறு பெண்கள். அவர்களுக்கு மூத்தவள் மாதம்மா. ஹனூர்ப் பக்கத்துக்காரி, நம்மைப் போலவே மானாவாரிக் காட்டை நம்பி இருக்க முடியாமல் மைசூருக்கு வந்தவள். நம் பக்கத்துப் பேச்சு என்பதால் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஊதுபத்தி உருட்டியவள். "ஊதுபத்தித் தூளுக்கு இது தேவலைங்ணா, மூக்குக் கறுக்கறதில்ல" என்பாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை, வெள்ளைத் தூசி கைக்குட்டையில் தெரியாது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து விழும்போது மட்டும் மேஜைக்கு மேலே மினுமினுவென்று மிதப்பது தெரியும். கழுத்து, முழங்கை மடிப்பு, புடவை சொருகுகிற இடுப்பு, இங்கெல்லாம் எல்லோருக்கும் அரிக்கும். தொண்டை கரகரக்கும். அதற்குக் கம்பெனி வெல்லம் கொடுத்தது. நீ சிரிக்காதே, தூசி வேலை செய்கிறவர்களுக்கு வெல்லம் கொடுத்தால் நெஞ்சிலிருப்பதை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது நம் பக்கத்தில் எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள நம்பிக்கை. தேவராஜா மார்க்கெட்டில் மண்டியா அச்சு வெல்லம் பார்த்து வாங்கி வருவதும், சாயங்காலம் ஆளுக்கு ஒன்று கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. முகமூடிகளும் இருந்தன. மெல்லிய துணி முகமூடிகள், என் அலமாரியில், பூட்டுக்குள். யாராவது பார்வையிட வருகிற நாளில் எடுத்துக் கொடுத்து, அவர்கள் போனதும் திரும்ப வாங்கி வைப்பேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

இப்போது ஒரு காற்றுக்குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாதம்மா வந்து, பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள் அண்ணா, தலையெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, ஏதோ தோல் வியாதிக்காரிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டோரில் சும்மா கிடந்த ரப்பர் குழாயை எடுத்து, கம்ப்ரஸரிலிருந்து வாசல்வரை இழுத்து, நுனியில் ஒரு திருகு வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஆறு பேரும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி காற்றைப் பீய்ச்சி, தலையையும் முதுகையும் புடவை மடிப்பையும் ஊதித் தள்ளுவார்கள். வெள்ளை வெள்ளையாகப் பறக்கும். குழந்தைகள் மாதிரிச் சிரிப்பார்கள். 'அண்ணா வச்ச காத்து' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கண்ணு, என் சர்வீஸிலேயே யாராவது எனக்கு நன்றி சொன்னது அதற்கு மட்டும்தான். நான் அந்த வாசல் பக்கம் அந்த நேரத்தில் வேண்டுமென்றே போய் நிற்பேன்.

நீயும் இதில் இருக்கிறாய். ஏழாம் வகுப்பில் தசராவுக்குப் பொம்மை வைத்தபோது கைலாயம் கட்டினாய், நினைவிருக்கிறதா? மலைக்குப் பனி வேண்டும் என்று அடம் பிடித்தாய். கடைப் பஞ்சு போட்டால் மஞ்சளாகத் தெரிகிறது என்றாய். நான் ஒரு பை நிறைய வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ உட்கார்ந்து அதை நார் நாராகப் பிய்த்து, வாயால் ஊதி ஊதிப் பரப்பினாய். சிவனும் பார்வதியும் மேலே, புலிமேல் நம் பக்கத்து மலைச்சாமி மாதேஸ்வரன் கீழே. தெருவே வந்து பார்த்துவிட்டு நிஜப் பனி மாதிரி இருக்கிறது என்றது. இரண்டு நாள் உன் கையும் கழுத்தும் சிவந்து தடித்தன, கண் உறுத்தியது. கண் பட்டுவிட்டது என்று உன் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அது எதனால் வந்த அரிப்பு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களிடம் தினமும் பார்ப்பதுதானே. நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பனி பொம்மைப் பெட்டிக்குள்ளேயே போய், அடுத்த வருஷமும் வெளியே வந்தது. என் சட்டையை உங்கள் துணிகளோடு சேர்த்துத்தான் உன் அம்மா துவைத்தாள். முன்கையெல்லாம் பொரிப்பொரியாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது, சோப்பை மாற்று என்றேன்.

அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது காவிரிக் கலவரத்துக்கு அடுத்த வருஷம். பஸ்ஸில் உன்னிடம்கூட நானும் அம்மாவும் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்த காலம். ஒரு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து எஞ்சினியர் ஒருவர் பார்வையிட வந்தார். பெட்டிக்குள் பாதுகாப்புக் காகிதம் வருமே, அதை ஆட்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். மேனேஜர் ஆயிற்று சார் என்றார். அவர் போனதும் என்னைக் கூப்பிட்டு, கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று எழுது, கன்னடத்தை வெளியே ஒட்டு, தமிழை உன் ஸ்டோருக்குள்ளேயே ஒட்டிக்கொள் என்றார். மூன்று பாஷையும் ஓரளவு தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். மாமா வீட்டில் தங்கிச் சத்தியமங்கலத்தில் படித்த எஸ்.எஸ்.எல்.சி. தமிழ் அப்படி உதவியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு பக்கம், மங்கலான ஜெராக்ஸ். தோலில் அரிக்கும் என்றிருந்தது, அது தெரிந்ததுதான். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, நல்ல வடிகட்டி உள்ள முகமூடி என்றிருந்தது. காய்ந்த தூசியைப் பெருக்காதே என்றிருந்தது. சூட்டில் வெந்த பழைய கம்பளியைப் பிரித்தெடுக்கும்போது வரும் தூசி புதியதைவிட மோசம் என்றிருந்தது. பிறகு இரண்டு வரிகள். ஒன்று, இந்த நூல் மிக மெல்லியதாக உடைந்து நெஞ்சுக்குள் போகும், மிருகங்களிடம் செய்த சோதனைகளை வைத்துப் பார்த்தால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுகிறது, மனிதரிடம் நிரூபணமாகவில்லை. இன்னொன்று, உடம்பிலும் உடையிலும் உள்ள தூசியை ஒருபோதும் காற்றுக்குழாயால் ஊதக்கூடாது.

முதல் வரியோடு சாயங்காலம்வரை மல்லுக்கட்டினேன். 'புற்றுநோய் வரலாம்' என்று எழுதினேன். வரலாம் என்றால் உள்ளே வா என்று அனுமதி கொடுப்பது போல இருக்கிறது. 'வர வாய்ப்பு உண்டு' என்று எழுதினேன். வாய்ப்பு என்று நல்லது வருவதைத்தானே சொல்வோம்? 'வரக்கூடும்' என்றால் எங்கள் ஆட்கள், மழைகூடத்தான் வரக்கூடும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'வரும்' என்று எழுதினால் அது பொய். கடைசியில் எனக்கே ஒன்றும் புரியாமல் திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் அந்த வரியைப் பார்த்தார். நிரூபணமே ஆகாததை எதற்கு எழுதிப் பயமுறுத்துகிறாய், எல்லோரும் ஊருக்கு ஓடிவிடுவார்கள், அரிக்கும், கை கழுவு, முகமூடி போடு, இது போதும் என்றார். எனக்குக் கோபம் வந்ததென்று எழுத ஆசைதான். வந்தது நிம்மதி. கஷ்டமான வரி கையைவிட்டுப் போயிற்று என்ற நிம்மதி.

இரண்டாவது வரியை விடச் சொல்லி அவர் சொல்லவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை. அதை விட்டவன் நான். எழுதியிருந்தேன், தெளிவான தமிழில், எந்தக் குழப்பமும் இல்லாத வரி. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். இதை ஒட்டினால், அப்படியென்றால் இத்தனை நாள் வாசலில் குழாய் வைத்தது யார் என்று கேட்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, அடித்தது தெரியாமலிருக்க வேறு தாளில் முழுவதையும் திரும்ப எழுதினேன். ஒரு மாதம் போகட்டும், பழுது என்று சொல்லிக் குழாயை மெல்லக் கழற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வாசலில் அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் கழற்ற மனம் வரவில்லை. ஆனால் நம் வீட்டுப் பொம்மைப் பெட்டியை மட்டும் அந்த வாரமே திறந்து, உன் பனியை எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, ஸ்டோர்க் குப்பையோடு போட்டேன். எலி கடித்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். பனியில்லாத கைலாயத்தைப் பார்த்து நீ அழுதாய். என் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தது மற்றவர்களுக்கு ஆகும் என்று எப்படி இருந்தேன் என்று கேட்டால், கண்ணு, இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கெட்டவன் என்று நினைத்துப் பார்க்கிறேன், அது பொருந்தவில்லை. நல்லவன் என்று நினைத்தால் அதைவிடப் பொருந்தவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாதம்மாவுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், சளியில்லை. முதலில் போன டாக்டர் காசம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதைப் பல மாதம் சாப்பிட்டாள். இன்னொருவர் சளியைச் சோதித்துவிட்டுக் காசம் இல்லை, ஆஸ்துமா என்றார். பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பிறகுதான் அடுத்த படி. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அந்தக் காகிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். வயதான டாக்டர். என்ன வேலை என்று கேட்ட முதல் டாக்டர் அவர்தான். காகிதத்தைக் கொடுத்தேன், நான்கு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். ஊதுபத்தி எத்தனை வருஷம், வீட்டில் விறகடுப்பா என்றெல்லாம் கேட்டார். பிறகு கன்னடத்தில் என்னிடம், இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது, தூசியிலிருந்து இவளை வெளியே கொண்டுவாருங்கள் என்றார். வெளியே வந்ததும் மாதம்மா, "அந்தக் காயிதத்துல என்னுங்ணா இருக்குது?" என்று கேட்டாள். ஏதோ மருந்து விவரம் என்று சொன்னேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை.

நான் சரியானதைச் செய்தேன் என்றால் அது அதற்கப்புறம்தான். அவள் நின்ற இரண்டாவது வாரம் குழாயைக் கழற்றினேன். பெண்களுக்குக் கோபம், இப்படியே பஸ்ஸில் போகச் சொல்கிறீர்களா என்றார்கள். ஸ்டோருக்குள் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டு முழுவதையும் புதிதாக எழுதி வாசலில் ஒட்டினேன், தமிழையும் சேர்த்து. அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் டீ நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, இரண்டு பாஷையிலும் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். புற்றுநோய் வரியையும், காற்றுக்குழாய் வரியையும். பசவராஜு என்று ஒருவர் இருந்தார். பழைய உலைக்குள் இறங்கி, வெந்துபோன கம்பளியைக் கையால் பிய்த்தெடுக்கிற வேலை அவருடையது. இருப்பதிலேயே மோசமான வேலை அதுதான் என்று அந்தக் காகிதம் சொல்லியது. வெளியே வரும்போது மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி இருப்பார். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எஷ்டு தினதிந்த கொத்து சார், நிமகெ?" என்று கேட்டார். எத்தனை நாளாகத் தெரியும் என்று. "எரடு வர்ஷ" என்றேன். இரண்டு வருஷம். அவர் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தையும் கையையும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து டீக்கு என்னைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் கத்தினார். அடுத்த தடவை அந்த எஞ்சினியர் வந்து கேட்டால் நடந்ததை நானே சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். அவர் நோட்டீஸில் கை வைக்கவில்லை. சில மாதங்களில் வடிகட்டி வைத்த முகமூடிகள் வந்தன, தூசியை உறிஞ்சுகிற மெஷின் ஒன்று வந்தது, வெட்டுகிற மேஜைக்குப் பின்னால் காற்றை இழுத்து வெளியேற்றும் விசிறி வைத்தார்கள். நான் படித்துக் காட்டியதால் வந்ததா, இல்லை அந்த வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்திவிடுவார் என்று வந்ததா? என்னால் சொல்ல முடியாது. வெல்லமும் தொடர்ந்தது. முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது நோட்டீஸில் எல்லாம் இருக்கிறது, ஆனால் நோட்டீஸில் எழுத முடியாத சிலதை இங்கே சொல்கிறேன். முகமூடியைக் கொடுத்தால் போதாது, மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று ஒவ்வொருத்தி முகத்திலும் நீயே பார். மூக்குத்திக்காரிகளுக்கு அங்கேதான் இடறும். வெறும் துணியும் நனைத்த துண்டும் அந்த நூலைத் தடுக்காது, பசவராஜு கட்டிக்கொண்டதைப் பார்த்தபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. புழுக்கம் என்று மேஜைக்கு மேலே மின்விசிறி கேட்பார்கள், அது தூசியை எல்லோர் முகத்துக்கும் கொண்டுபோகும். அதற்குப் பதில் நடுவில் ஓய்வு கொடு. விளக்குமாறு எடுக்க விடாதே, உறிஞ்சும் மெஷின் இல்லையென்றால், அது வந்தால்தான் வேலை என்று சொல்லிவிடு. வெட்டுத் துண்டுகளைத் தரையில் விழவிடாமல் உடனே பையில் போட்டுக் கட்டச் சொல். வீட்டுக்குக் கேட்பார்கள், தலையணைக்கு, அடுப்புக்கு அடியில் வைக்க, பொம்மைக்கு. கொடுக்காதே. பழையதைப் பிரிக்கும்போது லேசாகத் தண்ணீர் தெளித்துத்தான் பிரிக்க வேண்டும். புதியதை நனைக்கலாமா என்பதில் எங்கள் மேஸ்திரிகளே ஆளுக்கொன்று சொல்வார்கள், அதை உன் எஞ்சினியரிடம் கேள், தெரிந்த மாதிரி நீயாகச் சொல்லாதே. வேலைத்துணி கம்பெனியிலேயே இருக்கட்டும், அங்கேயே துவைக்கட்டும். உன்னுடையதும்தான், அதை ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகாதே. அந்தக் கைலாயத்தைப் பற்றி அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அந்தக் கொஞ்சத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றார். நான் நம்பினேன். நம்பினேன் என்றால், நம்பாமல் என்ன செய்வது என்று நம்பினேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒன்று செய்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை தேவராஜா மார்க்கெட்டுக்குப் போனேன். மாதம்மா இப்போது அங்கே தன் தங்கை கடையில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டுகிறாள். இருமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கிறாள். இந்த நாலு வருஷத்தில் அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நேற்று நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் வரியை, நான் அடித்ததை, ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன பொய்யை. அவள் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆசுபத்திரில நான் கேட்டப்பவும் தெரியுமுங்ளா?" என்றாள்.

தெரியும் என்றேன். ஒரு அம்மாள் வந்து இரண்டு முழம் கேட்டாள். அளந்து கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"முன்னாடியே படிச்சிருந்தீங்கன்னா நான் வேலைய விட்டிருப்பனா? விட்டிருக்க மாட்டேன். மவ கல்யாணம் இருந்துது. ஆனா அந்தக் காத்துக்கு முன்னால நின்னிருக்க மாட்டனுங்ணா. அது ஒண்ணு என் கையில இருந்துது."

என் பெண்ணும் இதே மாதிரி ஒன்று எழுத வேண்டியிருக்கிறது, வியாதி வருமா வராதா என்று யாருக்கும் நிச்சயமில்லாததை எப்படி எழுதுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியலன்னே எழுதச் சொல்லுங்க. தெரியலன்னாத்தான் சூதானமா இருப்போம்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அது அவளுக்கு இன்னொரு வேலை வைப்பது போல இருந்தது. சற்று நேரம் கழித்து அவளே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்ணா, ஆளு வர்ற வழி" என்றாள். அது கோபமா, இல்லை வியாபாரத்துக்காகச் சொன்னதா என்று வீடு வருகிறவரை யோசித்தேன். தெரியவில்லை. அண்ணா என்று கூப்பிட்டதை மட்டும் கவனித்தேன், ஆனால் பழக்கத்தில் வருகிற வார்த்தைக்கு எவ்வளவு அர்த்தம் வைப்பது?

இரண்டு நோட்டீஸையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலாவதை அந்தப் பெண்களுக்குக் காட்ட வேண்டுமா என்பதை நீயே முடிவு செய், எனக்குப் புரியவில்லை. இரண்டாவதை அப்படியே பெயர்த்து எழுதாதே. என் தமிழ் அவர்களுக்குப் புத்தகத் தமிழாகப் படலாம். எழுதுவதற்கு முன் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிப் பார், அவள் எப்படித் திருப்பிச் சொல்கிறாளோ அப்படியே எழுது. எழுதிவிட்டு வாய்விட்டு நீயே படித்துக் காட்டு. கேள்வி கேட்பார்கள், பதில் தெரியாதவை நிறைய இருக்கும், அப்போதும் அங்கேயே நில். இன்னொன்று. என்னுடைய இரண்டு நோட்டீஸிலும் கீழே 'நிர்வாகம்' என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டையும் எழுதியது நான், இரண்டிலும் என் பெயர் இல்லை. உன்னுடையதில் உன் பெயரை எழுது.

அப்பா